இரண்டாம் கண்ணாடியில் வைத்த பொட்டு

விஜயதசமி அன்று காலையில், ஈச்சனாரிக்குத் தெற்கே இருக்கும் தொழிற்பேட்டையில், சென்னியப்பன் கம்பெனியின் லேசர் மெஷின் தகடு வெட்டுவதை விட்டுவிட்டுப் பொட்டு வைக்க ஆரம்பித்தது. இது யார் குற்றம் என்று அன்றைக்கு எல்லாரும் கேட்டார்கள், இது யார் புண்ணியம் என்று அடுத்த வாரம் அதே வாயால் கேட்டார்கள், இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் இருந்தது, அந்தப் பதில் பட்டறை மூலையில் உட்கார்ந்து தகட்டு ஓரத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தது. பதிலின் பெயர் பூவாத்தாள்.

பூவாத்தாள்தான் அந்த மெஷினை ஓட்டியவள். அடக்க ஒடுக்கமானவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெண்களுக்குக் கழிப்பறை கட்டித்தராத அந்தக் கம்பெனியின் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதலாளியின் கார் உள்ளே நுழையும்போதெல்லாம் எழுந்து நின்று, "ஏனுங்க முதலாளி, உங்க ஊட்டுப் பொம்பளைங்களுக்கு ஒண்ணுக்கே வராதுங்களா?" என்று பேட்டை முழுக்கக் கேட்கும்படி கேட்டு, கேட்டுக் கேட்டே அதைக் கட்ட வைத்தவள். சங்கத்துக்காரர்கள் கொடுக்கும் துண்டறிக்கையை மற்றவர்கள் வடை வைத்துத் தின்பார்கள், அவள் முதலில் படித்துவிட்டு அப்புறம் வடை வைத்துத் தின்பாள். புருசன் ராசு பாலக்காட்டு ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்த பிறகு கம்பெனிக்குக் கூட்டிப் பெருக்க வந்தவள், பெருக்கிக்கொண்டே மெஷினைப் பார்த்து, பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டு, ஓட்டுகிற ஆள் துபாய்க்குப் போன அன்றைக்குத் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "இனி நான் ஓட்டறேன்" என்று போய் நின்றுவிட்டாள். வேறு யாருக்கும் தெரியாததால் யாரும் மறுக்கவில்லை.

மெஷினின் முதுகுப்பக்கம் நீளமாக ஒரு பெஞ்சு இருக்கும். அதன் ஒரு முனையிலிருக்கும் கண்ணாடிக் குழாயில் வெளிச்சம் பிறக்கும், அந்த வெளிச்சம் மனிதர் கண்ணுக்குத் தெரியாது. பிறந்த வெளிச்சம் மூலையில் நிற்கும் ரூபாய்க் காசு அகலக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இரண்டாம் கண்ணாடியில் பட்டு மறுபடியும் திரும்பி, மூன்றாம் கண்ணாடியில் பட்டுத் தலைகுப்புற இறங்கி, லென்ஸில் நுழைந்து ஊசிமுனையாகி, கீழே கிடக்கும் இரும்புத் தகட்டை வாழைத்தண்டு மாதிரி அறுக்கும். கண்ணாடிகள் மயிரிழை திரும்பினால் போதும், வெளிச்சம் வழி தவறிவிடும். பக்கத்துக் கம்பெனியின் பவர் பிரஸ் அடிக்கிற அடியில் பெஞ்சு தினமும் அதிர்ந்ததால், பூவாத்தாள் தினமும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு துண்டு பேப்பர் டேப்பை ஒட்டி, ஒரு சொடுக்கு வெளிச்சம் விட்டு, டேப்பில் கருகிய புள்ளி எங்கே விழுந்தது என்று பார்த்து, கண்ணாடியின் முதுகிலிருக்கும் திருகாணிகளை ஒரு நூல் முன்னே ஒரு நூல் பின்னே திருகி, வெளிச்சத்தை வழிக்குக் கொண்டுவருவாள். கிட்டத்தில் விழுந்த இடத்திலேயே தூரத்திலும் விழ வேண்டும். "மனுசனும் அப்படி இருந்தா நாட்டுல பாதி சண்டை இருக்காது" என்பாள்.

அப்படிப்பட்டவளை ஆயுத பூஜை அன்றைக்கு நாச்சிமுத்து தள்ளி நிற்கச் சொன்னார். நாச்சிமுத்து அங்கே போர்மேன். கெட்டவர் இல்லை, கெட்டதைத் தெரியாமலே செய்கிற வகை, அந்த வகைதான் நாட்டில் அதிகம். மெஷின்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் சுண்டலும் அண்டா அண்டாவாக வைத்து, சந்தனமும் குங்குமமும் கரைத்து முடித்ததும் பூவாத்தாள் தட்டுக்குக் கை நீட்டினாள்.

"அம்மிணி, நீ சித்த அக்கட்டால நில்லு. நல்ல காரியம் பாரு. உன்ற மெசினுக்கு நம்ம ரெஜினா வெப்பா."

ரெஜினா நெற்றியில் பொட்டே வைக்காதவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். அவள் புருசன் குடித்துக் குடித்து வீட்டை விற்றுவிட்டுத் திருப்பூரில் இன்னொருத்தியோடு இருந்தான். ஆனாலும் உயிரோடு இருந்தான், நாச்சிமுத்துவின் சாஸ்திரத்துக்கு அது போதும்.

"அண்ணா, எனக்கு இதெல்லாம் வெக்கத் தெரியாதுங்கண்ணா" என்றாள் ரெஜினா.

"ஒரு வெரல்ல தொட்டு வெக்கறதுக்கு என்னம்மா படிப்பு வேணும்? உன்ற ஊட்டுக்காரன் கல்லாட்டம் இருக்கறானல்லோ, வெய்யி."

ரெஜினா வைத்தாள். வைத்துவிட்டு வருகிற வழியில், விரலில் மிச்சமிருந்ததைப் பூவாத்தாளின் உள்ளங்கையில் தேய்த்து, "உனக்குத்தான் அக்கா, என்ன வேணா பண்ணிக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாரும் பொரிக்கு வரிசை கட்டிய நேரத்தில் பூவாத்தாள் மெஷினின் முதுகுக்குப் போனாள். மூடியைத் திறந்தாள். கண்ணாடியை மூச்சுக்காற்று கூடத் தொடக்கூடாது என்று அவளுக்குத் தெரியும், அதை மற்றவர்களுக்குக் கத்திச் சொல்கிறவளே அவள்தான். தெரிந்தே, இரண்டாம் கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தை வைத்து அதன்மேல் குங்குமத்தையும் வைத்தாள். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துத் துடைத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. அவள் கோபத்துக்கு ஒரு பொழுது ஆயுசு கொடுத்திருந்தாள், அவ்வளவுதான்.

ஆனால் முதலாளிகள் பஞ்சாங்கம் பார்ப்பார்கள் என்பதை அவள் மறந்துவிட்டாள். விஜயதசமிக்கு நல்ல நேரம் விடியலிலேயே வந்து போய்விடுகிறது என்று யாரோ சொல்ல, சென்னியப்பன் பட்டு வேட்டியோடு வந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, தன் கையாலேயே பொத்தானை அமுக்கினார். பெஞ்சிலிருந்து ஒரு புகை கிளம்பியது, படீரென்று ஒரு சத்தம் கேட்டது, இரண்டாம் கண்ணாடி சோளப்பொரி மாதிரி வெடித்தது. பூவாத்தாள் வந்து சேர்ந்தபோது முதலாளி துள்ளிக்கொண்டிருந்தார்.

"எவன் வேலைடா இது? எவன் கை பட்டுச்சுன்னு தெரிஞ்சாப் போதும், இன்னைக்கே கேட்டுக்கு வெளிய!"

நான்தான் என்ற வார்த்தை பூவாத்தாளின் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் வெடித்த கண்ணாடியோடு மெஷினை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை. முதலில் கண்ணாடி, அப்புறம் சண்டை என்று விழுங்கிக்கொண்டாள்.

போன் போட்டதும், அன்று காலையே, புதுக் கண்ணாடியோடு சர்வீஸ் என்ஜினியர் தமீம் வந்தான். உக்கடத்துப் பையன், அவளுக்கு இணையாக வாயாடுவான். இரண்டு பேரும் பழைய கண்ணாடியைக் கழற்றி, கூட்டைத் துடைத்து, கையுறை போட்டுப் புதுசை உட்கார வைத்து, டேப் ஒட்டினார்கள்.

"விடுங்கக்கா."

விட்டாள். டேப்பில் கருகல் இல்லை. நல்ல மஞ்சளில் ஒரு வட்டமும், அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளியும், ஈரம் காயாமல் இருந்தன. தமீம் குனிந்து மோந்து பார்த்தான்.

"சந்தனம் அக்கா. நல்ல சந்தனம். கடைச் சரக்கு இல்ல."

"எடம் சரியா உழுந்திருக்குதா, அதைச் சொல்லு."

"ஒரு நூல் எடப்பக்கம்."

திருகாணியைத் திருகி, கிட்டத்தில் பார்த்து, தூரத்தில் பார்த்து, பொட்டு நட்டநடுவில் விழுகிற வரைக்கும் வேலையை முடித்தார்கள், வேலையென்று வந்தால் முடிக்க வேண்டுமல்லவா. பிறகு தகட்டில் விட்டார்கள், தகடு வெட்டுப்படாமல் பொட்டு வைத்துக்கொண்டது. தமீமின் சோற்றுப் பாத்திரத்தில் விட்டார்கள், அதுவும் வைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு ஈ குறுக்கே பறந்தது, எப்போதும் எரிந்து சாம்பலாக வேண்டிய ஈ, நெற்றியில் கடுகளவு சந்தனமும் அதில் பாதியளவு குங்குமமுமாக, ஜன்னல் வழியே மகாராணி மாதிரி வெளியே போனது. தமீம் தன் கம்பெனி மேலிடத்துக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னான். அவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள்.

ஈ போன வழியே செய்தியும் போனது. முதல் நாள் கம்பெனி ஆட்கள் தங்கள் சைக்கிளையும் பைக்கையும் காட்டிப் பொட்டு வாங்கினார்கள். மறுநாள் பக்கத்து வார்ப்படப் பட்டறைக்காரர்கள் பணியார அச்சுகளோடு வந்தார்கள். அதற்கப்புறம் வெள்ளலூரிலிருந்தும் போத்தனூரிலிருந்தும் கிணத்துக்கடவிலிருந்தும், புது ஆட்டோவும் புது மாடும் புது மருமகளுமாக, தேர்வு எழுதப்போகிற பிள்ளைகளும் பேனாவுமாக, சனம் வந்து குவிந்தது. லென்ஸ் வைத்த தலையைக் கழற்றி, பக்க மூடியைத் திறந்து, வெளிச்சம் நேராக வெளியே வரும்படி செய்தார்கள். எதிரே ஒரு ஸ்டூல். உட்கார்ந்து கண்ணை மூடினால் போதும், விரல் தொடாமலே சில்லென்று நெற்றியில் பொட்டு விழும். யார் உட்கார்ந்தாலும் ஒரே அளவு, ஒரே ஈரம். பேரூர் பக்கத்துப் பண்ணையாரும் அவர் தோட்டத்தில் தென்னை ஏறுகிறவரும் ஒரே சந்தனத்தோடு வெளியே வந்து, ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனார்கள். வாசலில் கம்பங்கூழ் வண்டியும் பஞ்சுமிட்டாயும் வந்துவிட்டன. பொட்டு எப்படி வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வண்டி நிறுத்த எங்கே இடம் என்றுதான் கேட்டார்கள்.

சென்னியப்பனுக்குக் கடவுள் பக்தி அந்த வாரம் திடீரென்று முற்றியது. ஸ்டூலுக்குக் கட்டணம் வைத்தார், பட்டறை வாசலில் பந்தல் போட்டார், ஒரு பூசாரியைக் கொண்டுவந்து மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணாடியில் கை வைத்த குற்றவாளியைத் தேடுவது நின்றுபோய், கண்ணாடியில் கை வைத்த பாக்கியசாலியைத் தேடுவது ஆரம்பித்தது. நாச்சிமுத்து, "நான் அந்தப் பக்கம் போன மாதிரி ஒரு ஞாபகமிருக்குதுங்க" என்றார். வாட்ச்மேன் தன் கனவில் அம்மன் வந்ததாகச் சொன்னார். கடைசியில், முதலாளியின் சம்சாரம்தான் வைத்தது என்று முடிவாகி, அந்தம்மாளின் படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பந்தலில் கட்டினார்கள். பாவம், அந்தம்மாள் அந்தப் பட்டறைக்குள் வந்ததே இல்லை.

பூசாரி வந்த முதல் நாளே முதலாளியின் காதில் இரண்டு விஷயம் சொன்னார். தாலி அறுத்தவள் அந்த மெஷினைத் தொடக்கூடாது. அந்தத் துலுக்கப் பையனும் தொடக்கூடாது.

"கொஞ்ச நாளைக்கு நீ அரம் போடு, பூவாத்தா" என்றார் சென்னியப்பன். "சனம் வர்ற எடம் பாரு. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"பேசறதுக்கெல்லாம் பயந்திருந்தா, உங்க கம்பெனியில கக்கூசே வந்திருக்காதுங்க" என்று அவள் சொன்னாள். சொல்லி என்ன? மெஷின் சாவி நாச்சிமுத்துவின் கைக்கு மாறிவிட்டது. மூலையில் உட்கார்ந்து அரம் போட்டாள். தன் கையால் வைத்த பொட்டு, தன்னைத் தவிர ஊர் முழுவதற்கும் விழுவதை, ராவித் தள்ளிய இரும்புத்தூள் மடியில் குவியக் குவியப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சொல்லிரு அக்கா" என்பாள். "சொல்லுவேன். எனக்கு என்ற மெசினு வேணும். அது எப்பச் சொன்னாக் கெடைக்கும்னு பாத்துட்டிருக்கறேன்" என்பாள் பூவாத்தாள்.

பவர் பிரஸ் யாருக்காகவும் நிற்பதில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது, பெஞ்சு அதிர்ந்துகொண்டே இருந்தது, திருகாணியை வழிக்குக் கொண்டுவரத் தெரிந்த இரண்டு பேரும் மெஷினைத் தொடக்கூடாதவர்களாக இருந்தார்கள். பொட்டு நகர ஆரம்பித்தது. முதலில் புருவத்துக்கு வந்தது. அப்புறம் கன்னத்துக்கு இறங்கியது. அம்மன் குறும்பு பண்ணுகிறாள் என்றார் பூசாரி, சனமும் சிரித்துக்கொண்டே கன்னத்தோடு போனது. தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, நாதஸ்வரம் தவில் முழங்க, சென்னியப்பன் தன் மகளையும் புது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார வைத்தார். மாப்பிள்ளைக்குப் பொட்டு மூக்கு நுனியில் விழுந்தது. மகளுக்குக் காது மடலில் விழுந்தது. நாச்சிமுத்து பதறிப்போய் ஒரு திருகாணியைப் பிடித்து முழுச்சுற்றுச் சுற்றினார். அடுத்த பொட்டு பூசாரியின் தொப்புளில் விழுந்தது, அதற்கடுத்தது தவிலில் விழுந்து 'தொம்' என்று சத்தம் போட்டது, அதற்கடுத்தது பந்தலில் தொங்கிய முதலாளியம்மா படத்தில் மேலுதட்டுக்கு மேல் விழுந்து அந்தம்மாளுக்கு மீசை வைத்தது. பந்தலே குலுங்கிச் சிரித்தது.

"தமீமைக் கூப்புடுங்கடா!" என்று கத்தினார் சென்னியப்பன்.

தமீம் வாசலில்தான் கம்பங்கூழ் குடித்துக்கொண்டு நின்றான். "வரலாமுங்களா? தீட்டு ஒண்ணும் இல்லீங்களே?" என்று அங்கிருந்தே கேட்டான். "ஆனா நான் தனியாத் திருக மாட்டேனுங்க. டேப் புடிக்கத்தான் நான். திருகறது அக்கா."

நாதஸ்வரம் நின்றது. எல்லார் தலையும் மூலைக்குத் திரும்பியது. பூவாத்தாள் அரத்தைக் கீழே வைத்தாள், சேலையிலிருந்த இரும்புத்தூளைத் தட்டினாள், எழுந்து வந்து பந்தலின் நடுவில் நின்றாள். கேட்டுக்கு முன்னால் பேசிப் பழகிய தொண்டை, மைக் வேண்டியிருக்கவில்லை.

"அந்தக் கண்ணாடியில பொட்டு வெச்சது நான். தள்ளி நில்லுன்னு சொன்னாங்க, ஆங்காரத்துல வெச்சுப்போட்டேன். இத்தன நாளா நீங்க உங்க கொழந்தை நெத்தியிலயும் மாட்டு நெத்தியிலயும் வாங்கிட்டுப் போனது எல்லாம் ஒரு தாலியறுத்தவ கையில இருந்த சந்தனம். அழிக்கறவங்க அழிச்சுக்கலாம்."

பூசாரி தொப்புளை அவசரமாகத் துடைத்தார். வேறு யார் கையும் நெற்றிக்குப் போகவில்லை. கிணத்துக்கடவிலிருந்து இரண்டாம் தடவை வந்திருந்த ஒரு பெண் இடுப்புக் குழந்தையை மாற்றிக்கொண்டே, "எங்கூட்டு மாடு இந்தப் பொட்டு வெச்சதுக்கப்புறம்தான் செனை நின்னுச்சு. நான் எதுக்கு அழிக்கோணும்?" என்றாள். மூக்கு நுனியில் பொட்டோடு இருந்த மாப்பிள்ளை, அழிக்கலாமா கூடாதா என்று பெண்டாட்டியைப் பார்த்தான், அவள் கூடாது என்று காது மடலை ஆட்டினாள். அப்போது, வரிசையில் நின்ற ஒரு மகளிர் மன்றத்துத் தலைவியம்மாள் கண்ணில் நீரோடு ஓடிவந்து பூவாத்தாளின் கையைப் பிடித்தாள்.

"வாம்மா, நீயும் வந்து உட்காரு. உன் நெத்தியில அந்தப் பொட்டு விழுறதை இந்த ஊரு பார்க்கட்டும்!"

சனம் கைதட்டியது. ஸ்டூலைத் துடைத்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவைத் தூக்கினார். பூவாத்தாள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கு நெத்தி காலியா இருக்கறது ஒரு சங்கடமும் இல்லீங்கம்மா. கை காலியா இருக்கறதுதான் சங்கடம்."

சொல்லிவிட்டுப் பூசாரியின் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை, தடுக்க வேண்டிய நாச்சிமுத்து தானாகவே அக்கட்டால நகர்ந்து நின்றார். மெஷினின் நெற்றியில் சந்தனம் வைத்தாள், அதன்மேல் குங்குமம் வைத்தாள். பெஞ்சுக்கு வைத்தாள். குழாய்க்கு வைத்தாள். கண்ணாடிகளுக்கு மட்டும் வைக்கவில்லை, விரலைக் கழுவிவிட்டு வந்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றையும் ஒரே இழுப்பாகத் துடைத்தாள். திருகாணிப் பக்கம் போய் நின்றாள்.

"தம்பி, டேப்."

தமீம் ஒட்டினான். சொடுக்கினாள். டேப்பிலிருந்து நூலளவு புகை எழுந்தது. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை. கருகருவென்று, கண்ணுக்கு அழகாக, ஒரு கருகல் புள்ளி.

பந்தல் முழுக்க 'அய்யோ' என்றது. சென்னியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பூவாத்தாளின் முகத்தில் மட்டும், கேட்டில் உட்கார்ந்து, கக்கூஸ் கட்டச் செங்கல் லாரி உள்ளே போனதைப் பார்த்த நாளில் இருந்த சிரிப்பு இருந்தது. "வலப்பக்கம் ஒரு நூல்" என்றான் தமீம். திருகினாள். "மேல." திருகினாள். கிட்டத்தில் பார்த்தார்கள், தூரத்தில் பார்த்தார்கள், புள்ளி மேல் புள்ளி ஒன்றாக விழுந்தது. தலையைத் திரும்ப மாட்டி, லென்ஸைப் போட்டு, நாட்கணக்கில் தூசி படிந்து கிடந்த தகட்டை அதன் கீழே தள்ளி வைத்து, மெஷினை ஓட விட்டாள். வெளிச்சம் இறங்கிய இடத்தில் பொறி பறந்தது. பம்ப் மூடிக்கான வட்டத்தைச் சுற்றி ஓடியது, ஓடி முடிந்த இடமும் ஆரம்பித்த இடமும் ஒன்றாகச் சேர, வெட்டிய வில்லை கீழே விழுந்து கோயில் மணி மாதிரி 'டங்' என்றது.

சனம் கலைந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. பொட்டுக்கு வந்த கூட்டம், இரும்பு வெட்டுப்படுவதை வாயைத் திறந்து பார்த்தது. இரண்டாவது வில்லை விழுந்தது, மூன்றாவது விழுந்தது, தவில்காரர் தன்னையறியாமல் ஒவ்வொரு 'டங்'குக்கும் ஒரு தட்டுத் தட்டினார், நாதஸ்வரம் அதோடு சேர்ந்துகொண்டது. கிணத்துக்கடவுப் பெண் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள், வந்து வலது கையை நீட்டி, அதன் கீழே இடது கையை வைத்து, கோயிலில் பிரசாதம் வாங்குகிறவள் மாதிரி நின்றாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை நின்றான், அவனுக்குப் பின்னால் மாட்டுக்குப் பொட்டு வாங்க வந்திருந்த ஒருவர் நின்றார், அவருக்குப் பின்னால் நாச்சிமுத்து நின்றார், வரிசை பந்தலைத் தாண்டி, கம்பங்கூழ் வண்டியைத் தாண்டி, ரோடு வரைக்கும் போனது.

பூவாத்தாள் இடுக்கியால் ஒரு வில்லையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், ஓரத்தில் பிசிறில்லை.

"சுடும்" என்றாள். "சித்த ஆறட்டும். எல்லார்த்துக்கும் தர்றேன்."